வயர்மேன் போட்ட பூட்டு

அவர் அந்த அலுவலகத்தில் எலெக்ட்ரீஷியனாகத்தான் சேர்ந்தார். டியூப் லைட் மாற்றுவது, மின்விசிறியின் முனகலை நிறுத்துவது, மழை பெய்தால் ஃபியூஸ் போடுவது, இவ்வளவுதான் வேலை. எல்லோரும் அவரை வயர்மேன் என்று கூப்பிட்டார்கள். பெற்றவர்கள் வைத்த பெயர் வருகைப் பதிவேட்டில் பத்திரமாக இருந்தது. அதை அங்கிருந்து வெளியே எடுக்க யாருக்கும் அவசியம் வரவில்லை.

பிறர் கட்டடங்களில் லிஃப்ட் பழுதுபார்க்கும் கம்பெனி அது. சொந்தக் கட்டடம் மூன்று மாடி. அதில் லிஃப்ட் கிடையாது. வாடிக்கையாளர்கள் யாராவது இதைக் கேட்டால் மேனேஜர், “நாள் பூரா லிஃப்ட்லயே கெடக்கறோம் சார், காலுக்கும் கொஞ்சம் வேலை வேணாமா” என்று சொல்லிச் சிரிப்பார். மேனேஜரின் அறை தரைத்தளத்தில் இருந்தது.

வயர்மேனின் மேஜையும் தரைத்தளம்தான். படிக்கட்டுக்கு அடியில், மெயின் போர்டுக்குப் பக்கத்தில். சட்டென்று நிமிர்ந்தால் தலை இடிக்கும். ஆகவே அவர் நாற்காலியிலிருந்து எழுந்திருக்கும்போது பாதி குனிந்தபடி இரண்டு அடி நடந்து, பிறகுதான் முழு ஆளாவார். புதிதாகப் பார்க்கிறவர்கள் அவர் தங்களுக்கு வணக்கம் வைப்பதாக நினைத்துப் பதில் வணக்கம் வைப்பார்கள்.

இருபது வருஷத்துக்கு முன்னால் முதல் கம்ப்யூட்டர் வந்து இறங்கியபோது பெட்டியைப் பிரிக்க யாரும் முன்வரவில்லை. தொட்டால் கெட்டுவிடும், கெட்டால் தன் தலையில் விழும் என்று ஆளாளுக்கு ஒதுங்கினார்கள். மேனேஜர் சுற்றிச் சுற்றி வந்து பார்த்தார். கடைசியில் பின்பக்கம் தொங்கிய கறுப்பு வயரைக் கண்டுபிடித்துவிட்டார்.

“இதுக்கு பிளக் இருக்கு இல்ல?”

“இருக்கு சார்,” என்றார் வயர்மேன்.

“அப்போ இது உங்க டிபார்ட்மெண்ட்.”

அப்படித்தான் அவர் கம்ப்யூட்டர்காரர் ஆனார். முதல் மூன்று மாதம் ரப்பர் பாயின்மேல் நின்றுகொண்டுதான் விசைப்பலகையைத் தொடுவார். பிறகு பழைய புத்தகக் கடைகளில் வாங்கிய தடித்த புத்தகங்களைப் படித்தும், பிரித்துப் பார்த்தும், சேர்க்க முடியாமல் வியர்த்தும் தேறினார். ஹார்டு டிஸ்க் என்றால் கிடங்கு, நெட்வொர்க் என்றால் வயரிங், வைரஸ் என்றால் ஷார்ட் சர்க்யூட். மனதுக்குள் இப்படி மொழிபெயர்த்துக்கொண்டே ஒன்று நாற்பத்தொன்றாகப் பெருகிய கம்ப்யூட்டர்கள் அத்தனையையும் ஒற்றை ஆளாக ஓட்டினார். ஐம்பத்தோரு வயதில் அவருக்கு ஒரே ஒரு குறைதான். வலது முழங்கால்.

முழங்கால் தேய்ந்ததற்குக் காரணம் மூன்று மாடிப் படிக்கட்டு என்று டாக்டர் சொன்னார். மச்சான்தான் காரணம் என்று வயர்மேன் நம்பினார்.

மச்சான் என்பது அவர் மனைவியின் தம்பி. உதிரி பாகங்கள் வைத்திருக்கும் ஸ்டோரில் வேலை. வயர்மேன்தான் சொல்லிச் சேர்த்துவிட்டார். அவர் மச்சான் என்று கூப்பிடுவதைக் கேட்டு முதலில் டீ கொண்டுவருபவர் கூப்பிட்டார், பிறகு மாடிக்கு மாடி பரவி, இப்போது மேனேஜர்கூட, “மச்சான் எங்கப்பா” என்றுதான் கேட்கிறார். நல்ல பிள்ளை. யார் என்ன கேட்டாலும் இல்லை என்று சொல்ல வராது. கழுத்தில் கயிறு கட்டி ஒரு பென் டிரைவைத் தொங்கவிட்டிருப்பான். இணையத்தில் எங்கெங்கோ இலவசமாகக் கிடக்கும் சாஃப்ட்வேரையெல்லாம் அதில் அள்ளி வந்து ஊருக்கெல்லாம் விநியோகம் செய்வான். “ஃப்ரீதானே மாமா” என்பான். அந்த ஒரு வார்த்தையைக் கேட்டால் வயர்மேனுக்கு முழங்கால் சுருக்கென்று குத்தும்.

அப்படி வந்து சேர்ந்தவை ஒன்றா இரண்டா. மூன்றாம் மாடியில் வரைபடம் போடுகிறவரின் திரையில் ஒரு பச்சைக் கிளி குறுக்கும் நெடுக்கும் நடக்கும். லிஃப்டின் குறுக்குவெட்டுப் படத்தின்மேல் உட்கார்ந்து இறகு கோதும். கடிதப் பிரிவில் ஒரு மீன்தொட்டி. பக்கத்து மேஜையில் ஒருவர், தான் டீ குடிக்கப் போகும்போது சுட்டியைத் தானாக அசைத்துக்கொண்டிருக்கும் ஒரு சாஃப்ட்வேரைப் போட்டிருந்தார். அலுவலகத்திலேயே ஓயாமல் உழைக்கும் கம்ப்யூட்டர் அதுதான் என்று ஒரு மாத அறிக்கையில் அவருக்குப் பாராட்டு வேறு வந்தது.

மாடியிலிருந்து போன் வரும். “வயர்மேன், ரொம்ப ஸ்லோவா இருக்கு.” அவர் கைப்பிடியைப் பிடித்துப் பிடித்து ஏறுவார். கிளியை எடுப்பார். இறங்குவார். மறுநாள் கிளி திரும்ப வந்திருக்கும், சில நாள் ஜோடியுடன்.

“ஏன் சார் மறுபடியும்?”

“அது இல்லாம ஒரு மாதிரி வெறிச்சுன்னு இருக்கு வயர்மேன்.”

இப்படியே போயிருக்கும். ஒரு செவ்வாய்க்கிழமை முற்பகலில் மேனேஜர் லிஃப்டில் மாட்டிக்கொள்ளாமல் இருந்திருந்தால்.

பன்னிரண்டு மாடிக் குடியிருப்பு ஒன்றின் பராமரிப்பை இன்னும் ஐந்து வருஷத்துக்குத் தங்கள் கம்பெனிக்கே தரும்படி பேச மேனேஜர் போயிருந்தார். குடியிருப்போர் சங்கத் தலைவர் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். “வாங்க, நீங்க பராமரிக்கற லிஃப்ட்லயே போவோம்” என்று அழைத்துப் போனார். ஆறாம் மாடிக்கும் ஏழாம் மாடிக்கும் நடுவில் அது நின்றுவிட்டது.

மேனேஜர் புன்னகை மாறாமல் கைப்பேசியை எடுத்துத் தன் கம்பெனியின் புகார் எண்ணுக்கே போட்டார்.

புகார் மேஜை இரண்டாம் மாடியில். அங்கே இருந்தவர் ஹலோ அக்கா. ஐம்பத்தாறு வயது. முப்பது வருஷமாகத் தொலைபேசியை எடுத்து ஹலோ சொல்லி, வீட்டில் கதவு தட்டினாலும் “ஹலோ” என்றே கேட்கும் அளவுக்கு ஊறிப்போனவர். மாட்டிக்கொண்டவர்களின் பதற்றம் அவர் குரலைக் கேட்டாலே பாதி அடங்கிவிடும்.

“ஹலோ, பயப்படாதீங்க, எந்தக் கட்டடம் சொல்லுங்க.”

“நான்தான்மா பேசறேன். மேனேஜர்.”

“சார், நீங்க பயப்படாதீங்க.”

“பயமெல்லாம் இல்ல. இந்த ஏரியா மெக்கானிக்க உடனே அனுப்புங்க.”

ஹலோ அக்கா தயங்கித் தயங்கிச் சொன்னார். “சார், மெக்கானிக் நம்பரெல்லாம் கம்ப்யூட்டர்ல இருக்கு. கம்ப்யூட்டர்ல ஒரு கிரீடம் வச்ச ஆளு நிக்கறாரு. ‘ஸ்பீடு ராஜா உங்கள் கணினியை வேகப்படுத்துகிறார், காத்திருக்கவும்’னு போட்டிருக்கு. முப்பத்திநாலு சதவீதம் ஆயிருக்கு.”

லிஃப்டுக்குள் கைப்பேசியின் ஒலி நன்றாகவே கேட்டது. தலைமையாசிரியர் மேனேஜரை மேலும் கீழும் பார்த்தார்.

பத்து நிமிஷம் கழித்து நாற்பத்தொரு சதவீதம். கால் மணி கழித்து மறுபடி முப்பத்தெட்டு. ஏன் குறைந்தது என்று யாருக்கும் தெரியவில்லை. வயர்மேன் படியேறி வந்து, ராஜாவை அகற்ற முடியாமல், பிளக்கைப் பிடுங்கி, மறுபடி போட்டு, நம்பரை எடுத்து, மெக்கானிக் போய்ச் சேர்ந்து கதவைத் திறந்தபோது ஐம்பது நிமிஷம் ஆகியிருந்தது. அந்த ஐம்பது நிமிஷத்தில் தலைமையாசிரியர் ஒழுக்கம், நேரம் தவறாமை, கண்காணிப்பு ஆகிய மூன்று தலைப்புகளில் மேனேஜருக்கு வகுப்பு எடுத்து முடித்திருந்தார்.

மேனேஜர் அலுவலகத்துக்குத் திரும்பியதும் எல்லோரையும் கூப்பிட்டார்.

“அந்த ராஜாவ யார் போட்டது?”

எல்லோரும் தரையைப் பார்த்தார்கள். மச்சான் மட்டும் கூரையைப் பார்த்தான்.

“யாரா வேணா இருக்கட்டும். இனிமே ஒருத்தரும் எதையும் போடக்கூடாது. வயர்மேன், இது உங்க பொறுப்பு. என்ன பண்ணுவீங்களோ பண்ணுங்க.”

முதலில் சுற்றறிக்கை போனது. ‘அனுமதியின்றி எந்த சாஃப்ட்வேரையும் நிறுவக் கூடாது’ என்று வயர்மேன் எழுதிக் கொடுத்ததை டைப்பிஸ்ட் அடித்து வந்தார். தாளைச் சுற்றி நாலு பக்கமும் ரோஜாக் கொடி. ஒவ்வொரு எழுத்தின் காலிலும் ஒரு மொட்டு.

“இந்த டிசைன் எங்கேம்மா கெடைச்சது?”

“மச்சான் ஒரு சாஃப்ட்வேர் போட்டுக் குடுத்தாரு சார். நல்லாருக்கு இல்ல?”

சுற்றறிக்கையில் நாற்பத்தொரு பேரும் படிக்காமல் கையெழுத்துப் போட்டார்கள். அன்று மாலையே கடிதப் பிரிவின் மீன்தொட்டியில் புதிதாக ஒரு ஆமை நீந்தியது.

வயர்மேன் யோசித்தார். ஒரு வீட்டில் ஆளாளுக்கு ஃபியூஸைப் பிடுங்கி விளையாடினால் என்ன செய்வோம்? ‘தொடாதே’ என்று பலகை எழுதி மாட்டினால் நடக்காது. மெயின் போர்டுக்குப் பூட்டுப் போட வேண்டும். இத்தனை வருஷம் ஒவ்வொரு கம்ப்யூட்டருக்கும் அவரவரே முழு எஜமானர்களாக இருந்தார்கள். அந்த அதிகாரத்தைப் பிடுங்கிவிட்டால் போதும். வேலை செய்யலாம், புதிதாக ஒன்றைப் போட வேண்டும் என்றால் கடவுச்சொல் கேட்கும். கடவுச்சொல் அவர் ஒருவரிடம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் தனியாக வந்து உட்கார்ந்தார். ஒவ்வொரு கம்ப்யூட்டராகத் திறந்து, வேலைக்குத் தேவை என்று தான் எழுதிவைத்திருந்த பட்டியலில் இல்லாததையெல்லாம் அழித்தார். கிளி போனது. கிளியின் ஜோடி போனது. மீன், ஆமை, ரோஜாக் கொடி, ஸ்பீடு ராஜா, எல்லாம் போயின. பேர் தெரியாதவையும் நிறைய இருந்தன. இது எதற்கு, அது யாருக்கு என்று நின்று பார்க்கவில்லை. சாயங்காலம் ஐந்து மணிக்கு நாற்பத்தொன்றையும் பூட்டிவிட்டுப் படியிறங்கும்போது முழங்கால் வலித்தது. மனசு லேசாக இருந்தது. கடவுச்சொல்லை ஒரு தாளில் எழுதி, உறையிலிட்டு ஒட்டி, தனக்கு ஏதாவது ஆகிவிட்டால் மட்டும் பிரிக்கவும் என்று எழுதி மேனேஜரின் பெட்டகத்தில் வைத்தார்.

திங்கட்கிழமை காலை ஒன்பதே காலுக்கு அவர் மேஜைக்கு முன்னால் வரிசை நின்றது.

ஒருவருக்குப் பிரிண்டர் ஏதோ புதுப்பிக்க வேண்டும் என்கிறதாம். ஒருவருக்குக் கடிகாரத்தில் நேரம் மாற்ற வேண்டுமாம். வரைபடக்காரர் எதுவும் கேட்கவில்லை. துக்க வீட்டுக்கு வந்தவர் போல நின்று, “வெறிச்சுன்னு இருக்கு” என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். அன்று ஒரே நாளில் வயர்மேன் இருபத்தாறு தடவை படியேறினார். எண்ணியது அவர் இல்லை, முழங்கால்.

மத்தியானம் மேனேஜரே கூப்பிட்டார்.

“வயர்மேன், எல்லாருக்கும் போட்ட மாதிரி எனக்கும் பூட்டுப் போட்டுட்டீங்க போலிருக்கு. தவறுதலா நடந்திருக்கும்.”

“தவறுதலா இல்ல சார்.”

மேனேஜர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். “நான் மேனேஜர்ப்பா.”

வயர்மேனுக்குப் பயம்தான். ஆனாலும் வாய் திறந்துவிட்டது. “சார், ஒரு சந்தேகம். நம்ம கஸ்டமர் ஒருத்தர், கட்டடத்துக்கே சொந்தக்காரர், வந்து லிஃப்ட் கண்ட்ரோல் பெட்டி சாவிய குடுங்கன்னா குடுப்பீங்களா?”

“எப்படிக் குடுக்க முடியும்?”

“ஏன் சார்? அவரோட லிஃப்ட்தானே.”

“அவரோடதுதான். அவருக்கு அதப் பத்தி ஒண்ணும் தெரியாதே. உள்ள கைய வச்சாருன்னா…” என்று ஆரம்பித்த மேனேஜர் நடுவில் நிறுத்தினார். கண்ணாடியை மாட்டிக்கொண்டார். எதிரில் இருந்த தாளை எடுத்து, அது தலைகீழாக இருப்பதைக் கவனிக்காமல் கொஞ்ச நேரம் படித்தார்.

“சரி, போங்க,” என்றார்.

இந்தச் செய்தி அரை மணி நேரத்தில் மூன்று மாடிக்கும் ஏறிவிட்டது. மேனேஜருக்கே இல்லையாம் என்ற பிறகு மற்றவர்கள் வாயை மூடிக்கொண்டார்கள்.

மச்சான் மட்டும் ஓயவில்லை. நிறுவாமலே பென் டிரைவிலிருந்து நேராக ஓடுகிற சாஃப்ட்வேர் இருக்கிறது என்று எங்கேயோ கண்டுபிடித்து வந்தான். வயர்மேன் தனக்குத் தெரிந்த வைத்தியத்தைச் செய்தார். பென் டிரைவ் செருகும் வாய்க்கெல்லாம் கறுப்பு இன்சுலேஷன் டேப்பை ஒட்டினார். வேகத்தில் ஏழு கம்ப்யூட்டர்களில் சுட்டியைப் பிடுங்கிவிட்டு அந்த வாய்க்கும் சேர்த்து ஒட்டிவிட, மறுநாள் காலை ஏழு பேர் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். பிறகு புத்தகத்தைப் புரட்டி, டேப் இல்லாமலே அதை அடைக்க வழி தெரிந்துகொண்டார்.

அந்த வாரக் கடைசியில் மச்சான் அக்கா வீட்டுக்குச் சாப்பிட வந்தான். அக்கா, அதாவது வயர்மேனின் மனைவி, பள்ளிக்கூடத்தில் உடற்பயிற்சி ஆசிரியை. விசில் இல்லாமலே விசில் அடித்தது போல் பேசுவார். அலுவலகத்தில் நாற்பத்தொரு கம்ப்யூட்டரை அடக்கியவருக்கு வீட்டில் மின்விசிறியை எத்தனையில் வைப்பது என்று முடிவு செய்யும் அதிகாரம் கிடையாது.

“மாமா, ஒரே ஒரு சாஃப்ட்வேர். ஒரே ஒரு கம்ப்யூட்டர்ல. நீங்களே வந்துகூடப் போடுங்க,” என்றான் மச்சான், சாப்பிட்டுக்கொண்டே.

“கிளிதானே?”

“கிளி இல்ல மாமா.”

“மீனா?”

“விளையாட்டு இல்ல மாமா. நெஜமாவே வேணும். யாருக்குன்னு மட்டும் கேக்காதீங்க.”

“யாருக்குன்னு சொல்லாம, எதுக்குன்னு சொல்லாம வந்து கேட்டா நான் எப்படிடா போடறது? நாளைக்கு இன்னொரு ராஜா வந்து உக்காருவான்.”

மனைவி நடுவில் வந்தார். “ஏங்க, அவன்தான் ஒண்ணே ஒண்ணுங்கறான் இல்ல? அந்த பாஸ்வேர்டு என்ன?”

“சொல்ல முடியாது.”

“எங்கிட்டயா?”

“யார்கிட்டயும்.”

“நம்ம கல்யாண நாள்தானே வச்சிருக்கீங்க?”

“அத வச்சா எனக்கே மறந்துடும்,” என்று சொல்லிவிட்டார் வயர்மேன். சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்பது உறைத்தது.

மூன்று நாள் வீட்டில் அவருக்குச் சோறு கிடைத்தது, பேச்சுக் கிடைக்கவில்லை.

அலுவலகத்திலோ வேறொரு கூத்து தொடங்கியிருந்தது. மெக்கானிக்குகள் தப்புத் தப்பான கட்டடங்களுக்குப் போய் நின்றார்கள். எண்பத்திமூன்றாம் எண்ணுக்குப் போக வேண்டியவர் முப்பத்திமூன்றுக்குப் போனார். ஒருவர் பையைத் தூக்கிக்கொண்டு ஒரு ஓட்டு வீட்டின் கதவைத் தட்டினார்.

“லிஃப்ட் ரிப்பேருக்கு வந்திருக்கேன்.”

கதவைத் திறந்த பெரியவர் வெளியே வந்து தன் வீட்டைத் தானே ஒருமுறை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, “எங்க வீட்டுல மாடியே இல்லையேப்பா. இருந்தாலும் வந்தது வந்துட்டீங்க, தண்ணி குடிச்சிட்டுப் போங்க,” என்றாராம்.

ஒரு வாரத்தில் ஆறு தடவை இப்படி நடந்தது. “வயர்மேன் பூட்டுப் போட்டதுலேருந்து கம்ப்யூட்டர் நம்பர மாத்தி மாத்திக் காட்டுது” என்று மாடிகளில் பேசிக்கொண்டார்கள். வயர்மேனுக்கு இது மானப் பிரச்சினை. புகார் மேஜைக்குப் போய் விசைப்பலகையை மாற்றினார். கேபிளை மாற்றினார். சுவரில் இருந்த பிளக் பாயிண்ட்டைக்கூட மாற்றினார். ஹலோ அக்கா பக்கத்தில் நின்று கையைப் பிசைந்துகொண்டிருந்தார்.

“மெஷின்ல ஒண்ணும் தப்பு தெரியலையேக்கா.”

“இருக்காது தம்பி,” என்றார் ஹலோ அக்கா மெதுவாக. 

இதற்கிடையில் படியேற்றத்தைக் குறைக்க வயர்மேன் ஒரு வழி செய்திருந்தார். தன் மேஜைமேல் ஒரு நீள நோட்டை நூல் கட்டிய பேனாவோடு வைத்தார். யாருக்கு எந்த சாஃப்ட்வேர் வேண்டுமோ அதில் எழுத வேண்டும். என்ன வேலைக்கு என்றும் எழுத வேண்டும். வெள்ளிக்கிழமை அவர் எல்லாவற்றையும் பார்த்து, நியாயமானதைத் தானே போட்டுத் தருவார்.

என்ன வேலைக்கு என்ற கேள்வியைப் பார்த்தே பாதிப் பேர் திரும்பிப் போய்விட்டார்கள். மீதிப் பேர் எழுதியது படிக்க நன்றாக இருந்தது. ‘கிளி. மன அமைதிக்கு.’ ‘மீன்தொட்டி. கண்ணுக்குக் குளிர்ச்சி, டாக்டர் சொன்னார்.’ அதன் கீழே வேறு கையெழுத்தில், ‘எந்த டாக்டர்?’ சுட்டியை அசைக்கும் சாஃப்ட்வேர்காரர் நேர்மையானவர். ‘டீ நேரத்துக்கு’ என்றே எழுதியிருந்தார்.

அந்த வெள்ளிக்கிழமை கடைசிப் பக்கத்தில் ஒரு வேண்டுகோள் இருந்தது. பெயர் இல்லை. ‘எழுத்தைப் பெரிதாகக் காட்டும் சாஃப்ட்வேர். முன்பு இருந்தது. நம்பர் படிக்க. தயவுசெய்து யாரிடமும் சொல்ல வேண்டாம்.’ இந்த நாலு வாக்கியம் முழுப் பக்கத்தையும் அடைத்திருந்தது. ஒவ்வொரு எழுத்தும் கட்டைவிரல் அளவு. வரிகள் கோட்டுக்குள் நிற்காமல் மேலும் கீழும் போயிருந்தன.

வயர்மேனுக்கு எண்பத்திமூன்றுக்குப் பதில் முப்பத்திமூன்றுக்குப் போன மெக்கானிக் நினைவுக்கு வந்தார். அவசரமாக எழுந்தார். பல வருஷத்துக்குப் பிறகு அன்றைக்குத்தான் மறுபடி தலை இடித்தது.

நேராக ஸ்டோருக்குப் போனார். மச்சான் கப்பிகளை அடுக்கிக்கொண்டிருந்தான்.

“நீ வீட்டுல வந்து கேட்டது ஹலோ அக்காவுக்காடா?”

மச்சான் அடுக்குவதை நிறுத்தினான். “உங்களுக்கு யாரு சொன்னா?”

“யாரும் சொல்லல. ஏண்டா எங்கிட்ட சொல்லல?”

“சத்தியம் வாங்கிட்டாங்க மாமா. அவங்களுக்கு ஒரு வருஷமா கண்ணு மங்கிட்டே வருது. டாக்டர்கிட்ட போகப் பயம். வெளிய தெரிஞ்சா புகார் மேஜையிலேருந்து தூக்கிடுவாங்கன்னு அதவிடப் பயம். ரிடையர் ஆக ரெண்டு வருஷம்தான் இருக்காம். நான்தான் ஒரு சாஃப்ட்வேர் தேடிப் போட்டுக் குடுத்தேன். எழுத்து இவ்ளோ பெருசா தெரியும். அது போட்டதுல மெஷின் கொஞ்சம் ஸ்லோ ஆச்சு. அதுக்காகத்தான் ஸ்பீடு ராஜாவப் போட்டேன்.”

வயர்மேனுக்கு அந்த ஞாயிற்றுக்கிழமை, பேர் தெரியாதவற்றையெல்லாம் ஒரே மூச்சில் துடைத்துப் போட்டது நினைவுக்கு வந்தது. எட்டும் மூன்றும் ஒன்றாகத் தெரிகிற ஒருவரைப் பக்கத்தில் நிறுத்திவைத்துவிட்டு, தான் பிளக் பாயிண்ட்டை மாற்றிக்கொண்டிருந்திருக்கிறார். வெட்கமாக இருந்தது. திட்டுவதற்கு ஆள் கிடைத்திருந்தும் திட்ட வாய் வரவில்லை.

“வா,” என்றார்.

இரண்டு பேரும் இரண்டாம் மாடிக்கு ஏறினார்கள். ஹலோ அக்கா இருவரையும் சேர்த்துப் பார்த்ததும் முகம் வெளுத்துப்போனார்.

“ஒண்ணும் இல்லக்கா, நோட்டுல எழுதியிருந்ததப் பாக்க வந்தோம்,” என்றார் வயர்மேன். நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்து, இரண்டு விசைகளைச் சேர்த்து அழுத்தினார். திரையில் ஒரு கண்ணாடி வைத்தது போல எழுத்துகள் நாலு மடங்கு பெருத்து நின்றன.

மச்சான் வாயைப் பிளந்தான். “என்ன மாமா போட்டீங்க?”

“ஒண்ணும் போடல. இது கம்ப்யூட்டரோடயே வர்றது. முதல்லேருந்தே உள்ளதான் இருந்திருக்கு. எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருந்தா அன்னைக்கே காட்டியிருப்பேன்.”

சொல்லிவிட்டு, தன்னிடம் ஒரு வார்த்தை கேட்கும்படி இத்தனை வருஷத்தில் தான் நடந்துகொண்டோமா என்றும் யோசித்தார். படியேறி வந்தால் மூச்சு வாங்கிக்கொண்டு, “யாரு இத போட்டது” என்றுதான் முதல் கேள்வி கேட்பார். மச்சானிடம் போனால், “என்ன வேணும்” என்று கேட்பான். அதுதான் வித்தியாசம்.

எழுத்து பெரிதானதில் இன்னொரு தொல்லை வந்தது. சின்னத் திரையில் பாதி முகவரிதான் தெரிந்தது. மேனேஜரின் அறையில் தொலைக்காட்சி அளவுக்கு ஒரு திரை இருந்தது. அதில் அவர் தன் பேரக் குழந்தையின் படத்தைப் பார்ப்பார், மற்றபடி மின்னஞ்சல் திறப்பார். வயர்மேன் போய் நின்றார்.

“சார், உங்க மானிட்டர் புகார் மேஜைக்கு வேணும்.”

“என்னோடதா? எதுக்கு?”

“தப்பு நம்பர் போகாம இருக்கும் சார்.”

“சின்னதுல ஏன் தப்பு நம்பர் வருது?”

வயர்மேன் பொய் சொல்லத் தெரியாதவர். ஆனால் சொல்லாமல் விடத் தெரிந்தவர். “சார், ஏன்னு கேக்காம குடுத்தீங்கன்னா நல்லாருக்கும்,” என்றார். சொல்லும்போதே, சாப்பாட்டு நேரத்தில் மச்சான் பேசியது போலவே இருக்கிறதே என்று தோன்றியது.

மேனேஜர் அவரை உற்றுப் பார்த்தார். பிறகு பேரக் குழந்தையைப் பார்த்தார். “படத்த மட்டும் சின்னதுல மாத்திக் குடுத்துடுங்க,” என்றார். மச்சானும் வயர்மேனும் அந்தத் திரையை ஆளுக்கொரு பக்கம் பிடித்து மாடிக்குத் தூக்கிப் போனார்கள். தப்பு நம்பர் அன்றோடு நின்றது.

கண் விஷயத்தை வயர்மேன் வீட்டில் ஒருவரிடம் மட்டும் சொன்னார். பேச்சை மறுபடி தொடங்க அவருக்கும் ஒரு விஷயம் வேண்டியிருந்தது. மனைவி கேட்டுவிட்டு, “பயமா? கண்ணு தெரியாமப் போறதுக்குப் பயப்படாம டாக்டருக்குப் பயப்படறாங்களா?” என்றார். அடுத்த சனிக்கிழமை காலை ஹலோ அக்கா வீட்டு வாசலில் போய் நின்று, “செருப்ப மாட்டுங்க, கிளம்புங்க,” என்றார். முப்பது வருஷமாக மற்றவர்களிடம் பயப்படாதீங்க என்று சொல்லி வந்த ஹலோ அக்கா, ஒரு பள்ளிக்கூடப் பிள்ளையைப் போல மறுபேச்சில்லாமல் கிளம்பினார். கண்ணில் புரை. சாதாரண அறுவை சிகிச்சை. ஒரு மாத இடைவெளியில் இரண்டு கண்ணுக்கும் செய்தார்கள்.

மேனேஜரிடம் ஹலோ அக்காவே போய் எல்லாவற்றையும் சொன்னார். தான் புகார் மேஜையிலிருந்து மாற்றப்படுவோம் என்று நினைத்ததையும் சொன்னார். “உங்களத் தூக்கிட்டு வேற யாரம்மா அங்க உக்கார வைக்கறது,” என்று மேனேஜர் நிஜமாகவே திகைத்துப்போனார்.

இப்போது அந்த நோட்டு மூன்றாவது நோட்டு. வயர்மேன் வெள்ளிக்கிழமைகளில் நோட்டை எடுத்துக்கொண்டு எழுதியவரின் மேஜைக்கே போகிறார். கூட மச்சானும் போகிறான். அது மேனேஜரின் யோசனை. யாருக்கு என்ன தேவை என்று மச்சானுக்குத் தெரியும், எதைப் போடலாம் எதைப் போடக்கூடாது என்று வயர்மேனுக்குத் தெரியும். வழியில் இருவரும் சண்டை போட்டுக்கொண்டே ஏறுகிறார்கள், இறங்குகிறார்கள். கடவுச்சொல் இன்னும் மச்சானுக்குத் தெரியாது. வயர்மேன் அதை அடிக்கும்போது, “திரும்பி நில்லுடா” என்பார், அவனும் சுவரைப் பார்த்துத் திரும்பி நிற்பான். வரைபடக்காரருக்குக் கிளி கிடைக்கவே இல்லை. கிளியின் அசையாத படம் ஒன்றைத் திரையின் பின்னணியாக வைத்துக் கொடுத்தார்கள். பறக்காது, பேசாது, லிஃப்டின்மேல் உட்காராது. அவர் அதற்கே நன்றி சொன்னார்.

இரண்டாவது கண்ணின் கட்டைப் பிரித்து ஹலோ அக்கா வேலைக்குத் திரும்பிய அன்று, பெரிய திரையில் எழுத்தைப் பழைய அளவுக்குக் குறைத்துக் கொடுக்க வயர்மேன் போயிருந்தார். ஹலோ அக்கா அவரையே வெகுநேரம் உற்றுப் பார்த்தார்.

“என்னக்கா?”

“ஒண்ணும் இல்ல தம்பி. உங்க சட்டையில ஒரு பட்டன் மட்டும் பச்சையா இருக்கே. ரொம்ப நாளாவே அப்படித்தானா?”

வயர்மேன் குனிந்து பார்த்தார். வெள்ளைப் பட்டன்களுக்கு நடுவில் மூன்றாவது பட்டன் நல்ல பச்சையாக இருந்தது. அவருக்கே அது அன்றைக்குத்தான் தெரியும்.